முப்பதாவது தலை

எட்டாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தப் பள்ளிக்கூடத்தை முழுதாக எண்ணி முடித்துவிட்டேன். தொம்மலூரில் ஒரு சின்ன அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறு அறை, ஐந்து ஆசிரியர், ஒரு பியூன், பதினேழு ஜன்னல். அவற்றில் நான்கு மூடாது. கன்னடப் பிரிவில் எண்பத்தேழு பேர். தமிழ்ப் பிரிவில் எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்பும் சேர்த்து முப்பது. அந்த முப்பதில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஆறு, உருது பேசுகிறவர்கள் நான்கு. இத்தனை பேருக்கும் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு டீச்சர்தான். கணக்கை மட்டும் கன்னட வாத்தியார் கன்னடத்திலேயே நடத்திவிடுவார், எண்கள் எல்லோருக்கும் புரியும் என்ற தைரியத்தில்.

முப்பது என்பது ரிஜிஸ்டர் கணக்கு. தலையை எண்ணினால் இருபத்தொன்பதுதான் வரும். முப்பதாவது பெயர் என் அக்காவுடையது. அவள் பத்தாம் வகுப்பு. அம்மா துணி தைக்கும் கம்பெனிக்குப் போகத் தொடங்கியதும், கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை நிறுத்திவிட்டார்கள். டீச்சர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேசினார். இரண்டு முறையும் அம்மா காப்பி கொடுத்தாள்; சரி என்று மட்டும் சொல்லவில்லை. டீச்சரும் அக்காவின் பெயரை அடிக்கவில்லை. கணக்கு உதைப்பது எனக்குத்தான் தினமும் உறுத்தியது.

ஒரு திங்கட்கிழமை டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“புதன்கிழமை இன்ஸ்பெக்டர் தலை எண்ண வர்றாரு. முப்பது தலை இல்லைன்னா என் போஸ்டை எடுத்துடுவாங்க. நீதான் எல்லாத்தையும் எண்ணுறவனாச்சே, எத்தனை இருக்குன்னு பாத்துச் சொல்லு.”

எண்ணத் தேவையே இல்லை. இருந்தும் மூன்று தடவை எண்ணினேன். சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“ஒரு தலை கொறைஞ்சா ஒரு பொம்பளைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?” என்று கேட்டாள் அம்மா. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். “நம்ம வீட்டால ஒருத்தி வேலை போச்சுங்கற பேச்சு எனக்கு வேணாம். ஏய், அன்னிக்கு ஒரு நாள் போய் உக்காந்துட்டு வாடி. ஆனா குழந்தைய யாருகிட்ட விடுறது...”

“தூக்கினே போறேம்மா” என்றாள் அக்கா, அம்மா முடிப்பதற்குள்.

புதன்கிழமை மூன்று வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மணி அடித்தபோது இருபத்தொன்பது. அக்காவைக் காணோம். இன்ஸ்பெக்டர் பென்சிலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னால் நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுக்கு வந்து அவர் இருபத்தேழு என்றபோது நான் வாசலைப் பார்த்தேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பென்சில் நின்றது. வாசலில் மூச்சிரைக்க அக்கா நின்றாள், இடுப்பில் தம்பி, கையில் போன வருஷத்து நோட்டு.

“மூவத்து” என்றார் இன்ஸ்பெக்டர் கன்னடத்தில், முப்பது என்று. பிறகு தம்பியைப் பார்த்தார். “இது யாரு, முப்பத்தொண்ணா?”

பியூன் ஓடிவந்து தம்பியை வாங்கிக்கொண்டார். “இவன் அடுத்த வருஷத்து அட்மிஷன் ஸார்!”

இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். நான் பெஞ்சின் மேல் ஏறி நின்று “முப்பது!” என்று கத்தினேன். மற்றவர்களும் கத்தினார்கள். பக்கத்து அறையிலிருந்து கன்னடப் பிரிவுக்காரர்கள் விஷயம் தெரியாமலேயே கைதட்டினார்கள்.

மறுநாள் டீச்சர் என் காதில் ஒரு சேதி போட்டார்: இன்ஸ்பெக்டர் இனி சொல்லாமல்கூட வருவார், எந்த நாளும் வரலாம். அதை அப்படியே கொண்டுபோய் அம்மாவிடம் சேர்த்தேன். ஒரு நாள் என்றது தினமும் ஆயிற்று. ஆசிரியர் அறையில் தம்பிக்குத் தூளி கட்டினார்கள். பியூன் அதை ஆட்டிவிட்டு வந்துதான் மணி அடிப்பார். பாதி நாள் நான்கு நிமிஷம் தாமதம். அந்த வருஷம் தமிழ்ப் பிரிவில் முதல் வகுப்பில் தேறியது அக்கா ஒருத்திதான். பிறகு அவள் ஆசிரியையாகி, ஆனேக்கல் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றாள்.

ஒரு டீச்சரின் வேலையைக் காப்பாற்றியவன் நான் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் வைட்ஃபீல்டில் அக்கா மகனின் ஒன்பதாவது மாடி வீட்டில் அவள் பேரனிடமும் சொன்னேன். அக்கா பாதியில் நிறுத்தினாள்.

“எத்தனை பிள்ளைக்கு எத்தனை டீச்சர்னு எத்தனை வருஷம் ஸ்டாஃப் ஸ்டேட்மென்ட் என் கையால போட்டிருக்கேன். பழைய ஆர்டர் எல்லாம் பாத்தாச்சு. இருபது பேர் இருந்தாலே அந்த போஸ்ட் நிக்கும்டா.”

“டீச்சர் முப்பதுன்னாங்களே?”

“அன்னிக்கு கிளாஸ்ல எத்தனை பேர் இருந்தீங்க?”

“இருபத்தொன்பது.”

அக்கா தன் நெஞ்சில் விரலை வைத்து, “முப்பது” என்றாள். முப்பத்தைந்து பேர் இருந்திருந்தால் டீச்சர் முப்பத்தாறு என்றிருப்பார். மூடாத ஜன்னல் வரை எண்ணி வைத்திருந்த எனக்கு, என்னை ஏன் எண்ணச் சொன்னார் என்பது மட்டும் அன்றைக்குத் தெரியவில்லை.