ரிவர்ஸ் எடுங்க மாமா

தன் சின்ன மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மைக்செட் வேண்டாம் என்று என் தங்கை சொல்லிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் பாதி விசேஷங்களுக்குப் பாட்டுப் போட்டவர் அவள் கணவர். அவர் நெஞ்சுவலியில் போய் ஒன்றரை வருடமாகிறது. அன்றிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிகள் முன்னறையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. தங்கை அவற்றின்மேல் துணி மடித்து வைப்பாள், திறக்க விடமாட்டாள்.

பேனரில் அவரை டீஜே என்று போடுவார்கள். நேரில் பார்த்தால், சட்டைப்பையில் இரண்டு பேனாவோடு நிலம் அளக்க வந்தவர்போல இருப்பார். ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும், பத்து நிமிடம் ஓடுகிற பாட்டாகப் பார்த்துப் போட்டுவிட்டு, ஜெனரேட்டருக்குப் பின்னால் நின்று வீட்டுக்குப் போன் செய்வார். "சாப்ட்டியா? இன்னா கொழம்பு?" குழம்பு விவரம் முழுதாக வந்த பிறகுதான் அடுத்த பாட்டு.

எனக்கு இசையைப் பற்றி ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் உண்டு. தாளத்துக்குக் கைதட்டத்தான் வராது. இது தெரிந்தும் அவர் ஒருமுறை என்னை நம்பினார். வடக்கனந்தலில் ஒரு மஞ்சள் நீராட்டு. அதே காலையில் பெரிய மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எந்தக் கூட்டத்தையும் அவர் விட்டதில்லை.

"மச்சான், ஒண்ணுமில்ல. தாய்மாமன் சீர் எடுத்துகினு வருவாரு. இந்தப் பாட்ட அமுக்குங்க. அதுக்குள்ள வந்துடறேன்" என்று லேப்டாப்பை என்னிடம் தந்துவிட்டு பைக்கில் போய்விட்டார்.

ஜரிகை வேட்டியும் கூலிங்கிளாசுமாக ஒருவர் காரிலிருந்து இறங்கினார். அமுக்கினேன். தெருவே அதிர்ந்தது. அவரும் இரண்டு அடி ஆடி, கும்பிட்டபடியே வந்தார். வந்தவர் பிரியாணி மாஸ்டர். "இத்தினி வருசத்துல நம்பள இப்டி யாரும் கூப்ட்டதில்லீங்க" என்று என் கையைப் பிடித்துக் கொண்டார்.

பாட்டு முடிந்த அமைதியில்தான் உண்மையான தாய்மாமன் வந்தார். கல்வராயன் மலையிலிருந்து வளைவு வளைவாக இறங்கி வந்த வண்டி. தட்டுகளோடு நான்கு பலாப்பழம். நான் பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ பிரியாணி மாஸ்டர் கதையை அவர் காதில் போட்டுவிட்டார்கள். திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"சமையல்காரனுக்கு மேளதாளம், எனக்கு ஒண்ணுமில்லியா? நீங்களே சடங்கு சுத்திக்குங்க."

அவர் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க முடியாது. பெண்ணின் தாய் அழத் தொடங்கினாள். நான் ஒயர்களை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த நேரத்தில் தங்கை கணவர் வந்து சேர்ந்தார். கேட்டுக்கொண்டார். நேராக வண்டிக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

"மாமா, இன்னாத்துக்குக் கோவம்? அது டெஸ்டிங்கு. ஒங்களுக்குப் போடறதுக்கு பெரிய பெட்டிய இன்னும் ஆன் பண்ணவேயில்ல. ரிவர்ஸ் எடுங்க மாமா. புளியமரத்தாண்ட போயி நில்லுங்க. கையக் காட்டினதும் வாங்க."

மனிதர் புளியமரம்வரை போய், புதிதாக வருவதுபோல வந்தார். இந்தமுறை பிரியாணி மாஸ்டரும் கரண்டியோடு கூட ஆடினார்.

"எப்படி மாப்ள ஆளைக் கண்டுபிடிக்கறீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"வர்ற ஆளயா பாப்பாங்க? பொண்ணோட அம்மா மொகத்தப் பாருங்க மச்சான். கூடப்பொறந்தவன் வந்தா தெரிஞ்சிடும்." கொஞ்சம் யோசித்து, "ஸ்கூல்ல சொன்னாங்க, பெரியவ கணக்குல கம்மியாம். ஒங்கள மாதிரி" என்றார்.

இப்போது தாய்மாமன் நான். சீர்த் தட்டுகளோடு தங்கை வீட்டு வாசலில் போய் இறங்கியபோது சத்தமே இல்லை. எனக்கு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று வழியெல்லாம் மனைவியிடம் சொல்லி வந்தவன்தான். இருந்தாலும் அந்த மலைக்காரரை நினைத்துக்கொண்டேன். வண்டிக்குள் போய் உட்காரத் தோன்றியது.

பெரிய மகள் வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் வாசலோரம் தார்ப்பாய் விலக்கிய பெட்டிகள் தெரிந்தன.

"அம்மா ஒரே பாட்டுக்குத்தான் சரின்னுது. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க. ரிவர்ஸ் எடுங்க மாமா. பால் சொசைட்டியாண்ட போயி நில்லுங்க."

போய் நின்று, திரும்பி நடந்து வந்தேன். முட்டி வலித்தது. நிலைப்படியில் தங்கை புடவைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள். லேப்டாப்பில் விரலை வைத்துக்கொண்டு பெரியவள் காத்திருந்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அமுக்கினாள். நான் ஆடினேன், தாளம் தப்பி.