லூர்தம்மா தெரிந்தெடுத்த துவக்கு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத் தமிழரில் பாதிப் பேருக்கு லூர்தம்மாவை கோயில் திருநாளுக்கு இருநூறு ரோல்ஸ் சுடுகிறவர் என்று தெரியும். மற்றப் பாதிக்குத் துவக்கு, அதுதான் துப்பாக்கி, வைத்திருக்கிற மனுஷி என்று தெரியும். இந்த இரண்டாவது பாதிதான் அதிகம் கதைக்கும். கதைக்கட்டும். கதைக்கிற வாய்க்குப் பயந்து நடக்கிற ஆளாக இருந்திருந்தால் அவர் மன்னாரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கவே மாட்டார்.

வயது ஐம்பத்து நான்கு. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. இருபத்து மூன்று வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை. தன்னைப்போல இரண்டு மடங்கு பாரமுள்ள டேனிஷ் கிழவர்களைக் கட்டிலில் புரட்டிப் புரட்டி வலது தோள் போய்விட்டது. மழைக்காலத்தில் தலை வாரக் கையைத் தூக்கினால் பல்லைக் கடிக்க வேண்டும். அதைப் பற்றி யாரும் பரிதாபப்பட்டால் மட்டும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

துவக்குக் கதை வேலையிடத்துச் சுற்றுலாவில் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களை எங்காவது கூட்டிப்போவார்கள். அந்த முறை குறிபார்த்துச் சுடும் கழகம். இயந்திரம் ஒன்று தேநீர்த் தட்டளவு களிமண் வில்லையை வானத்தில் எறியும், அதைச் சுட்டு உடைக்க வேண்டும். டேனிஷ்காரர் அதற்கு மண்புறா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லூர்தம்மா ஆறில் ஐந்தை உடைத்தார். "முதல் நாள் அதிர்ஷ்டம்" என்று சொல்லிக்கொடுத்தவர் சிரித்தார். சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த செவ்வாய்க்கிழமையே லூர்தம்மா பேருந்து பிடித்துத் தனியாகப் போய் நின்றார். அதன்பிறகு கழகத்தில் சேர்ந்தார். குளிர்காலம் முழுவதும் வேட்டைப் பாடம் படித்தார். எந்தப் பறவையை எந்த மாதம் சுடலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் டேனிஷில் பாடமாக்கி எழுதிச் சோதனை பாஸானார்.

சொந்தத் துவக்கு வாங்கும் நாள் வந்தபோதுதான் வீட்டில் பூகம்பம். கணவர் அந்தோனிதாசன் அமைதியான மனுஷன். மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம், வீட்டில் சத்தம் போட்டே அறியாதவர். அன்று போட்டார்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீர் இஞ்ச வந்து துவக்கு வாங்கப் போறீரோ?"

"அப்ப துவக்கு மற்றவன்ர கையில இருந்தது" என்றார் லூர்தம்மா. "இது என்ர கையில இருக்கப் போகுது. ரெண்டும் ஒண்டே?"

அந்தோனிதாசனுக்கு மனம் ஆறவில்லை. துவக்கைப் பூட்டிவைக்கும் இரும்பு அலுமாரி வந்தபோது, அதை வைக்க மடுமாதா படத்துக்குக் கீழேயுள்ள சுவரைத் தவிர வேறு இடமில்லை என்று தெரிந்து, படத்தைக் கழற்றிக்கொண்டுபோய் குசினிக்குள், அடுப்படிச் சுவரில் மாட்டினார். அந்த அளவில் அவருடைய எதிர்ப்பு முடிந்தது.

எந்தத் துவக்கு என்பதுதான் பெரிய கேள்வி. கழகத்து ஆண்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல் வைத்த துவக்கு. நடுவே மடித்துத் திறந்து இரண்டு தோட்டாக்களைப் போட்டு மூட வேண்டும். அவர்கள் அப்பன் வைத்திருந்தது அது, பாட்டன் வைத்திருந்தது அது. லூர்தம்மாவும் இரவல் இரட்டைக்குழலில்தான் பழகினார். ஐம்பது மண்புறா சுட்டுவிட்டு வீடு திரும்பினால் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கும்.

அரைத்தானியங்கி வேறு மாதிரி. ஒரே குழல்தான். ஒரு தோட்டா வெடித்ததும் அந்த வெடியின் வாயுவே வெறுங்கோதைத் தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். அந்த வேலைக்கு வெடியின் வேகத்தில் ஒரு பங்கு செலவாகிறபடியால் தோளுக்கு வரும் உதை குறையும். லூர்தம்மா இதையெல்லாம் மூன்று மாதம் வாசித்து, கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார்.

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெல்லிய சின்னத் துவக்கொன்றை எடுத்து நீட்டினார். பெண்கள் விரும்பி வாங்குவது, பாரமே இல்லை என்றார்.

"பாரமில்லாத துவக்கு தோளில கூட உதைக்கும்" என்றார் லூர்தம்மா. "மூண்டு கிலோவுக்கு மேல காட்டுங்கோ. அரைத்தானியங்கி. வாயுவில ஓடுறது."

கடைக்காரர் இன்னொன்றை எடுத்தார். அது வாயுவில் இல்லை, உதையின் வேகத்திலேயே இயங்குவது. சுத்தம் செய்ய இலகு என்றார். உண்மைதான். ஆனால் மண்புறாவுக்குப் போடும் மெல்லிய தோட்டாவில் அது சிலவேளை அடுத்ததை ஏற்றாமல் நின்றுவிடும், தோளுக்கும் பெரிய இரக்கம் காட்டாது. கோடையில் இருபத்து நான்கு கிராம் தோட்டாவில் மண்புறா, குளிரில் முப்பத்திரண்டு கிராம் எஃகுச் சன்னத்தில் பறவை, இரண்டையும் முகம் சுளிக்காமல் தின்கிற துவக்குத்தான் லூர்தம்மாவுக்கு வேண்டும். மூன்றாவதாக வந்தது அப்படியானது. அவர் பையிலிருந்து தன் தடித்த குளிர் அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு தோளில் வைத்துப் பார்த்தார். கழற்றிவிட்டு மெல்லிய சட்டையோடு பார்த்தார். பின்பக்கக் கட்டை நீளம். இரண்டு சென்ரிமீற்றர் குறைக்கச் சொன்னார். கன்னம் படியும் உயரத்தைச் சரிசெய்யத் துவக்கோடு வந்த மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போடச் சொன்னார். ஒன்றேகால் மணித்தியாலம். கல்யாணக் கூறை எடுத்தபோதுகூட அவர் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

அந்தத் துவக்கோடு நவம்பர் மாதம் கழகத்தின் பெரிய வேட்டைக்குப் போனார். வருடத்துக்கு ஒரு நாள். வயல் ஓரத்துப் புதர்களைத் தட்டி ஃபசான் என்கிற நீண்டவால் காட்டுக்கோழிகளைக் கிளப்புவார்கள், வரிசையில் நிற்பவர்கள் சுடுவார்கள். கழகத் தலைவர் ஹென்னிங் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். லூர்தம்மாவின் துவக்கைக் கண்டதும் நின்றார்.

அவர் டேனிஷில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இவ்வளவுதான்: "லூர்தஸ், இது எங்கட வேட்டைக்குச் சரிவராது. இரட்டைக்குழலை மடிச்சுப் பிடிச்சா உள்ளுக்கு ஒண்டும் இல்லையெண்டு நூறு மீற்றரில நிண்டு பாக்கலாம். இதை எப்பிடி நம்புறது?"

ஹென்னிங் கெட்டவரல்ல. ஒருகாலத்தில் மூடிய துவக்கொன்று தவறி வெடித்துக் கூட்டாளியின் காலைக் கெடுத்ததைக் கண்ணால் கண்டவர். அதனால் அவருக்குப் பயம் இருந்தது. ஆனால் அவருடைய பயத்துக்கு லூர்தம்மாதான் தண்டனை அனுபவித்தார். துவக்கைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கையில் ஒரு தடியோடு நாள் முழுக்கச் சேற்றில் நடந்து, மற்றவர்கள் சுடப் பறவை கிளப்பிக் கொடுத்தார். பின்னேரம் வேட்டைச் சடங்கின்படி சுட்ட பறவைகளைப் பச்சைக் கிளைகளில் அடுக்கி வைத்துக் கொம்பு ஊதியபோது மரியாதையாகத்தான் நின்றார். உள்ளுக்குள் கொதித்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் றொஷானி வழி சொன்னாள். அம்மா தமிழில் கேட்டால் அவள் டேனிஷில்தான் பதில் சொல்வாள். வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், தோளுக்காக என்று எழுதினால் விதிவிலக்குத் தருவார்கள், இந்த நாட்டில் கடிதம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்றாள். பிழையில்லாத யோசனைதான்.

"வருத்தக்காறி எண்டு எழுதிக் குடுத்துத்தான் நான் உள்ளுக்குப் போக வேணுமோ?" என்றார் லூர்தம்மா. "அப்பிடி ஒரு இடம் எனக்கு வேண்டாம் பிள்ளை."

அவர் கழகத்தின் சட்டப் புத்தகத்தை எடுத்தார். இருபத்தொரு பக்கம். வேட்டைச் சோதனைக்குப் படித்ததுபோலப் படித்தார். அரைத்தானியங்கி கூடாது என்று அதில் எங்கும் இல்லை. துவக்கு வெறுமையாக இருப்பது மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் இருந்தது. தெரியத்தானே வேண்டும்? தோட்டா ஏறும் வாயைத் திறந்து அதற்குள் செருகிவிடும் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கொடி கடையில் இருக்கிறது. அது செருகியிருந்தால் தோட்டா உள்ளே போகவே முடியாது, கொடியும் தூரத்துக்குத் தெரியும். கொடி செருகிய அரைத்தானியங்கியை வேட்டைக்கு அனுமதிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி, மார்ச் மாத வருடாந்தக் கூட்டத்துக்குப் பதினான்கு நாளுக்கு முன்பே அனுப்பினார்.

கூட்டத்துக்கு ஹென்னிங்கையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கோப்பி, இனிப்புப் பாண், வழமையான கொட்டாவி. லூர்தம்மா எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். கொடியை எடுத்துக் காட்டினார். அறையின் கடைசி மூலைக்குப் போய் அதை உயர்த்திப் பிடித்து, "தெரியுதோ?" என்று கேட்டார். தெரிகிறது என்று இரண்டு பேர் சிரித்தார்கள். சீட்டில் எழுதி வாக்களிக்கலாம் என்றார் ஒருவர்.

"வேண்டாம். கையை உயர்த்துங்கோ. ஆர் என்ன நினைக்கினம் எண்டு நான் பாக்க வேணும்."

பதினொரு கை ஆதரவு. பதினொரு கை எதிர்ப்பு. சமமாக வந்தால் தலைவர் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். அறை முழுவதும் ஹென்னிங்கைப் பார்த்தது.

ஹென்னிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரல் இளகியிருந்தது. "லூர்தஸ், உன்ர தோளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். தோளுக்காகக் கேக்கிறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு. நான் கையை உயர்த்துறன்."

ஒரு வார்த்தைதான். நவம்பரில் வரிசையில் நிற்கலாம், பறவை எழும்பும்போது அந்தத் துவக்கு தோளில் இருக்கும். மூன்று வருட ஆசை அந்த ஒரு வார்த்தைக்கு அந்தப் பக்கம் நின்றது. லூர்தம்மா சொன்னது வேறு.

"தோள் நோகிறது உண்மை. அதுக்காக இந்தத் துவக்கைத் தெரிஞ்செடுத்ததும் உண்மை. ஆனா உங்களிட்ட அதுக்காகக் கேக்க இல்லை. நான் கவனமாச் சுடுறன், திறந்து காட்டுறன், உங்கட சட்டத்தில எனக்கு இடமிருக்கு. அது போதாதெண்டால் வேண்டாம்."

ஹென்னிங்கின் கை மேசையிலேயே கிடந்தது. தீர்மானம் விழுந்தது. பக்கத்திலிருந்தவர் லூர்தம்மாவின் முழங்கையை ஆறுதலாகத் தொட்டார். அவர் முழங்கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த விடயம், நிர்வாகக் குழுவுக்கு ஒருவர் தேவை. பதினான்கு வருடம் இருந்தவர் விலகிவிட்டார். விருப்பமுள்ளவர் யார் என்று ஹென்னிங் கேட்டார். அந்த நாட்டில் எந்தக் கழகத்திலும் இந்தக் கேள்விக்கு நடப்பதுதான் நடந்தது. சற்றுமுன் அவ்வளவு உறுதியாக உயர்ந்த கைகளெல்லாம் மேசைக்குக் கீழே போயின. ஒருவர் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார். ஒருவர் தன் சப்பாத்தை ஆராய்ந்தார். ஹென்னிங் இரண்டாம் முறை கேட்டார். ஒருவரும் இல்லாவிட்டால் இன்னொரு கூட்டம் வைக்க வேண்டிவரும் என்று மூன்றாம் முறை கெஞ்சிக் கேட்டார்.

லூர்தம்மா கையை உயர்த்தினார். நோகிற கையை.

வேறு யாராவது இருக்கிறீர்களா என்று ஹென்னிங் இடமும் வலமும் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. போட்டி இல்லாவிட்டால் வாக்கெடுப்பும் இல்லை. அவரே எழுந்து, லூர்தம்மா நிர்வாகக் குழுவுக்குத் தெரிவு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இன்னொரு கூட்டத்துக்கு ஒரு மாலைப்பொழுதை இழக்காமல் தப்பிய சந்தோஷத்தில் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள்.

"வேட்டைக்கு வராமலே குழுவிலயோ?" என்றார் ஹென்னிங், மெதுவாக.

"ஓம். வாற மார்ச்சில இதே தீர்மானம் திரும்ப வரும். அண்டைக்கு நான் மேசைக்கு அந்தப் பக்கத்தில இருந்து வாசிப்பன்."

சொல்லிவிட்டு அவர் அடுத்த மார்ச் வரை காத்திருக்கவில்லை. தன் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைவரின் மேசைக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். ஹென்னிங் தன் காகிதங்களை ஒதுக்கி இடம் விட வேண்டியிருந்தது.