எங்க பறந்திருக்கு?

விண்கலத் திட்டங்களுக்குச் செலவு மதிப்பிடும் அந்த அம்மாளுக்கு அலுவலகத்தில் ‘வேண்டாம் அக்கா’ என்று பெயர். புதுக் கருவி எதைக் கொண்டுபோனாலும், “இது எங்க பறந்திருக்கு?” என்ற ஒரே கேள்வியில் ஆளை மடக்கிவிடுவார். அப்படி மடக்கியே பல திட்டங்களைக் கரைசேர்த்தவர்.

ஒருநாள், எடை குறைந்த புது எஞ்சினோடு வந்த பொறியாளர் பொறுமையிழந்தார். “எங்கயும் பறக்கலைக்கா! எல்லாரும் இதையே கேட்டா அது எப்பதான் பறக்கும்?”

அக்காவுக்குச் சுருக்கென்றது.

“பழைய எஞ்சினே கலத்தை ஓட்டட்டும். இதையும் ஓரமா வச்சு அனுப்பிப் பாருங்க.” அந்தச் செலவுக்காக, தானே அடம்பிடித்து வாங்கிய உபரி கேமராவைப் பட்டியலிலிருந்து வெட்டினார்.

அடுத்த திட்டத்தில் புது மேலாளர் அக்காவிடம் அதே வகை எஞ்சினைக் காட்டி, “இது எங்க பறந்திருக்கு?” என்றார்.

“நம்ம கலத்துலதான் சார். இன்னும் இறங்கலை.”