காலையில் முரண்டு பிடித்த ஸ்டியரிங்

1981 பிப்ரவரி 15, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பூத்திலிருந்து இரண்டு பாட்டில் பால், பிறகு காபி, பேப்பர். எட்டு மணிக்கு, நாட்டின் தலைநகர்க் குளிரில், லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் கீழே நின்ற எங்கள் பழைய காரின் பானெட்டைத் திறந்தேன்.

மறுநாள் காலை என் மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட். டிசம்பரில் ஒருமுறை தோற்றிருந்தாள். எட்டுப் போடும்போது ஸ்டியரிங் திரும்பவே இல்லை. “என்ன பஹன்ஜி, ஸ்டியரிங்கோட குஸ்தியா?” என்று அதிகாரி இந்தியில் கேட்டதை அவள் மறக்கவில்லை. இன்னொரு முறை தோற்றால் வண்டியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். காலையில் முரண்டு பிடிக்கும் ஸ்டியரிங், வெயிலில் நின்றபின் மதியம் இளகிவிடும். டயரில் காற்று சரி. கிரீஸும் சரி.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, சக்கரங்களைக் கையால் அசைத்தேன். லேசாகத் திரும்பின. ஸ்டியரிங் மட்டும் அப்போதும் இறுக்கம். ஆக, கோளாறு பெட்டிக்குள். மூடியைத் திருகி எடுத்து ஸ்க்ரூடிரைவரை விட்டேன். கெட்டியான கறுப்பு எண்ணெய்க்குப் பதில், அழுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்தேன். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை.

முனிர்காவில் அறை எடுத்து வேலை தேடிக்கொண்டிருந்த மைத்துனன் சாப்பிட வந்தான். எட்டிப் பார்த்ததும் முகம் மாறியது.

“அத்தான், அது நான்தான். செப்டம்பர்ல நீங்க டூர் போயிருந்தீங்கல்லா? எண்ணெ குறைஞ்சிருந்துது, கடையும் பூட்டியிருந்தான். வீட்ல இருந்த தேங்கா எண்ணெய ஊத்துனேன். அப்போ நல்லாத்தான் திரும்பிச்சு.”

“தலை சீவி, ரிப்பன் கட்டி விடலியா?” என்றாள் மனைவி. “உன்னாலதாம்ல நான் அத்தன பேர் முன்னால முழிச்சேன், மூதி!”

“நம்மூர்ல உறையாதுல்லா, அக்கா!”

வெந்நீரில் நனைத்த துணியைப் பெட்டிமேல் மாற்றி மாற்றிச் சுற்றினோம். இளகியதை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். அவனையே பெட்ரோல் பங்குக்கு அனுப்பி கியர் ஆயில் வாங்கி ஊற்றினேன். கம்பியை மாட்டி முடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. ஆனால் உண்மையான சோதனை காலைக் குளிரில்தான்.

மறுநாள் முதல் வேலையாக, காபிகூடக் குடிக்காமல், மனைவி சாவியோடு கீழே போனாள். நின்ற வண்டியில் திருப்பினால் டயர் தேயும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். இடது கோடி வரை திருப்பினாள், பிறகு வலது கோடி வரை.

“பேசாம ஏறுங்க” என்று எனக்கு இடது கதவைத் திறந்துவிட்டாள்.