நாலாவது கிணறு

பவுசர் வண்டியில் தண்ணீர் பெறும் வீடுகளின் பட்டியலில் நாலாவது கிணறு இல்லை. மற்ற ஐந்தும் இருந்தன.

எங்கள் ஒழுங்கையில் ஆறு கிணறுகள். ஞாயிறுதோறும், ஆறு வாரம், உப்பின் அளவைக் குறித்தவன் நான். ஒரு வாரமாவது எல்லையைத் தாண்டிய கிணற்றுக்குப் பவுசர் என்பது தண்ணீர்க் குழுவின் முடிவு. என் அளவுகளைக் கணினியில் வடிகட்டிப் பட்டியல் எடுத்தவர் கணிதம் படிப்பிக்கும் சேர்.

நாலாவது கிணறு இடியப்பம் அவித்து விற்கும் ராத்தாவுடையது. மழை பெய்த நாலாவது வாரம் தவிர, ஐந்து வாரமும் உப்பு. அந்தத் தண்ணீரில் மாக் குழைக்க முடியாது. ஆறாவது கிணறு சேருடையது. ஆறு வாரமும் நல்ல தண்ணீர். நான் அளந்து வந்தாலும், முதலில் அது குழுவின் அட்டவணையிலேயே இல்லை. மழைக்குப் பிறகு, அவர் கேட்டு, என் புத்தகத்திலிருந்த அதன் பழைய அளவுகளோடு சேர்த்துக்கொண்டோம். போதாததற்கு இருவருக்கும் எல்லை வேலியில் நட்ட கதியால் மரம் பற்றி மனத்தாங்கல்.

"சேர்ட பேர் இருக்கா?" என்று ராத்தா கேட்டார்.

"ஓம்."

"அவர்ட கிணத்தில சர்பத் ஊறுது. அதுக்கும் பவுசரா?"

குறிப்புப் புத்தகத்தோடு சேர் வீட்டுக்குப் போனேன்.

"மெசின் எடுத்த பட்டியல், அண்ணன்."

"மெசினுக்கும் வேலிச் சண்டை இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. வடிகட்டுவதற்கு முந்திய விடையைக் காட்டச் சொன்னேன். திரையில் ஆறு இலக்கங்கள், உப்பென்றால் 1, இல்லையென்றால் 0: 1 1 1 0 1 1.

"இந்த ஆறும் கிணறா, வாரமா?"

கதிரையை முன்னே இழுத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"வாரம்."

சேர் பாவித்தது, அட்டவணை முழுவதையும் ஒரே வரியில் கையாளும் கணினி மொழி. அட்டவணையில் கிணற்றுக்கு ஒரு வரிசை. கட்டளைகளை அதில் வினை என்கிறார்கள். ஒரு வினை தனி எண்ணைப் பார்க்குமா, ஒவ்வொரு வரிசையாகப் பார்க்குமா, முழு அட்டவணையையும் பார்க்குமா என்பதைச் சொல்வது அதன் ரேங்க். "எதிலாவது உப்பா?" என்ற வினைக்கு, வரிசை வரிசையாகப் பார் என்று சேர் சொல்லவில்லை. அது எல்லா வரிசைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, வாரத்துக்கு ஒரு விடை தந்தது. வாரத்தின் விடையால் கிணறுகள் வடிகட்டப்பட்டன. ராத்தாவின் கிணற்று உப்பு மற்ற ஐந்து பேருக்கும் பவுசர் வாங்கிக் கொடுத்தது. மழை வாரத்தின் பூச்சியம் அவர்மேல் விழுந்தது.

"உங்கட கிணற்றை எடுத்துவிட்டு அதே வரியை ஓட்டுங்க."

ஓட்டினார். ஐந்து கிணற்றுக்கு ஆறு விடை பொருந்தாது என்று கணினி மறுத்தது. அவருடைய கிணறு சேர்ந்து ஆறுக்கு ஆறு ஆனதால்தான் பிழை சத்தமில்லாமல் போயிருக்கிறது.

ரேங்கைத் திருத்தி, ஆறு கிணற்றோடும் மறுபடி ஓட்டினார். இரண்டாவதும் நாலாவதும் மட்டும் வந்தன.

"என்ட கிணறு போச்சு," என்றார்.

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"நாலாவது வாரம் மழை பெய்யும் எண்டு எனக்கு எப்படித் தெரியும், அண்ணன்?"

நல்ல பதில். ஆனால் அவர் தன் கிணற்றைச் சேர்க்கக் கேட்டது மழைக்குப் பிறகு. அதை அவரிடம் சொல்லவில்லை, குறித்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை பவுசர் ராத்தாவின் வாசற் படலையில் நின்றது. அதன் குழாய் முற்றத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு எட்டவில்லை. சேர் தன் வீட்டுக் குழாயைக் கொண்டுவந்து பூட்டினார்.

"பூட்டுங்க சேர்," என்றார் ராத்தா. "மற்ற முனைய நான் பிடிக்கிறன்."

தாங்கி நிறையும்வரை ராத்தா கையை எடுக்கவில்லை.