அப்பா ஓரை சொல்லாத காலை

ஆடித்தபசுக்குக் கோயிலில் கொடி ஏறும் நாளில் எங்கள் வீட்டில் நாவுக்குக் காப்புக் கட்டிவிடுவார் அப்பா. அன்று முதல் தபசுக் காட்சி முடியும்வரை கடல் தாண்டி வந்த சொல் எதுவும் எங்கள் வாயில் வரலாகாது. அரியையும் அரனையும் ஓருருவில் காண வேண்டி அம்பாள் ஒற்றைக் காலில் தவம் நிற்கிறாள்; அவள் ஊரில் வேளை தவறாமல் உண்டு உறங்கும் நாம் நான்கு சொல்லையாவது அடக்க வேண்டாமா என்பது அவருடைய நியாயம். மற்ற வீடுகளில் நோன்புக்குப் புலால் விடுவார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக அதை விட்டவர்கள் ஆதலால், விடுவதற்கு வேறொன்று தேட வேண்டியதாயிற்று என்று சித்தப்பா கேலி செய்வார்.

வடசொல்லுக்குத் தடையில்லை. அது சன்னிதியில் தமிழோடு கூடப் பிறந்ததுபோல் புழங்குவது என்று அப்பா விலக்கு அளித்திருந்தார். அந்த விலக்கு இல்லாவிட்டால் விரதத்தை விரதம் என்று சொல்வதற்கே வழியிருந்திராது.

தவறிச் சொன்னவருக்கு அடுத்த வேளைக் காபி கிடையாது. அந்தக் காபி, தவற்றைப் பிடித்துக் கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். சிறுமிகளுக்குக் காபி தருவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. எனவே அம்பாளின் தவத்துக்கு அந்நாட்களில் என்னைப்போல் உண்மையான காவல் யாரும் இருந்திருக்க முடியாது. விரதத்தின் பொருள் எனக்குத் தெரியாது. டம்ளரின் சூடு தெரியும்.

ஆனால் அப்பா அகப்படவே மாட்டார். அதிகாலையில் குளித்து, திருநீறு துலங்கப் பதிகம் ஓதி முடித்து, அடுக்களை வாசலில் வந்து நின்று, "கருஞ்சாறு ஆச்சா?" என்பார். சோப்பு அவருக்கு நுரைக்கட்டி. ரேடியோ பாடும்பெட்டி. எங்களுக்குத் தெற்கு ரதவீதியில் நூல்கடை இருந்தது. தறிக்காரர்கள் வந்து ஏதேனும் ஓர் இங்கிலீஷ் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்டால், அது அவர் வாயிலிருந்து திரும்பி வரும்போது தமிழாகிவிட்டிருக்கும். "அண்ணாச்சி எதைச் சொல்லுதாவன்னு தெரியாம நான் ரெண்டு நாளு வெறுங்கையோட போயிருக்கேன்" என்று ஒரு தறிக்காரர் அம்மாவிடம் முறையிட்டது நினைவிருக்கிறது. எந்தப் பொருளுக்கும் மாற்றுச் சொல் காண, அப்பாவுக்கு மூச்சு இழுத்து விடும் அவகாசம் போதும்.

எந்தச் சொல் கடல் தாண்டியது, எது தாண்டாதது என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை சித்தப்பாவுடையது. தீர்ப்புக்காக அவர் வாயில் வரும் சொல் தவறாகாது. அவர் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சொற்களின் பிறப்பைத் துருவுவது அவருக்குப் பசிபோல. ஓராண்டு அவர் வந்து, சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்திறங்கியவை என்றார். அப்பா எங்கள் வீட்டு அலமாரியை, நெடுநாள் உறவினர் திடீரென்று அயலார் ஆகிவிட்டதுபோல் பார்த்தார். பிறகு, "இனிமே அது பேழை" என்றார். தம்பியின் தீர்ப்பை அவர் எதிர்த்ததே இல்லை. படித்தவன் சொல்வது மெய்யென்று கொள்வதையும் அவர் ஒரு விரதமாகவே வைத்திருந்தார்.

நான் சொல்லவரும் ஆடியில் சித்தப்பா கிரேக்கத்தோடு வந்தார். அவர் கல்லூரியில் முதிய பாதிரியார் ஒருவர், விரும்பிய மாணவர்களுக்கு மாலைதோறும் அம்மொழியைக் கற்பித்து வந்தாராம். சித்தப்பா இலைமுன் உட்கார்ந்ததும் தொடங்கினார். நம் இஞ்சிவேரைத்தான் யவனர் சிங்கிபேரிஸ் என்றார்கள். திப்பிலியைக் குறித்த நம் நாட்டுச் சொல்லே அவர்களிடம் போய்ப் பெப்பெரி ஆகி மிளகைக் குறித்தது. அரிசிக்கு அவர்கள் சொன்ன ஒரூசாவும் நம் அரிசியிலிருந்து பிறந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். அதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. பாதிரியார் சொன்ன அந்த வழக்கைச் சித்தப்பா மறைக்கவில்லை. அப்பாவின் காதில் அது மட்டும் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கேட்டியா? நம்ம இஞ்சி கப்பலேறிப் போயிருக்கு!" என்று, துவையலுக்கு இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து அவர் பூரித்தார்.

"போட்டும். இங்க இருக்கது துவையலுக்குக் காணும்" என்றாள் அம்மா.

அப்போது எல்லாரும் சிரித்தார்கள், அத்தை உட்பட. அத்தை அப்படிச் சிரிப்பது குறைந்துபோன காலம் அது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். அந்தப் பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர் அப்பா. எங்கள் தெருவில் அவளுக்குப் பிறகு பிறந்த பெண்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு தபசு பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு மட்டும் வந்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. தட்டியவர் அப்பாவேதான். ஒரு சாதகத்தில் ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் வீடுகளான கேந்திரம் பழுது என்பார். இன்னொன்றில் பொருத்தம் இருந்தால், வந்தவர்கள் படியேறிய ஓரை பழுது என்பார். பகலையும் இரவையும் மணிக்கணக்காகக் கிரகங்களுக்குப் பங்கிட்டு வைத்திருப்பதே ஓரை. அதில் செவ்வாய் ஓரையில் கலியாணப் பேச்சோடு யாரும் எங்கள் நிலைப்படியைத் தாண்ட முடியாது. முந்திய ஆண்டு இளையரசனேந்தலிலிருந்து வந்தவர்களைச் செவ்வாய் ஓரை கழியும்வரை தெருவிலேயே நிற்கவைத்துவிட்டார். உச்சிவெயில். நல்ல ஓரை பிறந்து, அப்பா கதவை அகலத் திறந்து கைகூப்பியபோது, தெருவில் ஒருவரும் இல்லை.

இப்போது புளியங்குடியிலிருந்து ஓர் இடம் வந்திருந்தது. எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் குடும்பம். ஆடியில் பெண் பார்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் தபசுக்குச் சாமி கும்பிட வந்தவர்கள் தெரிந்த வீட்டில் தண்ணீர் குடிக்க வருவதை எந்த மாதமும் தடுக்காது. புதன்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதரைக்கு வந்தால் குரு ஓரை, நன்று என்று, கொடியேற்றத்துக்கு முன்பே அப்பா பதில் அனுப்பிவிட்டார். எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் வாய் திறந்திராத அத்தை, "புளியங்குடி எலுமிச்சைக்குத் தோலு கனமா, மெல்லிசா மதினி?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவள் முகத்தைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, நேரே சித்தப்பாவிடம் போய் ஏதோ பேசினாள். ஊறுகாயைப் பற்றி என்று நான் எண்ணிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தியில், அப்பா திருநீற்றுச் சம்புடத்தை மூடிக்கொண்டிருக்கும்போது, சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, விரதத்துல இன்னும் ரெண்டு சொல்லு விட்டுப்போச்சு. யவனத்துச் சொல்லு."

"சொல்லு."

"ஓரை. கேந்திரம்."

அடுக்களையில் அத்தையின் கரண்டி நின்றது.

சித்தப்பா ஆற அமரச் சொன்னார். கேந்திரம் என்பது முதலில் மாடு ஓட்டும் தாற்றுக்கோலின் முனையாம். குத்தும் முனை பிறகு வட்டம் வரையும் கருவி ஊன்றும் முனையாயிற்று. அங்கிருந்து வட்டத்தின் நடுப்புள்ளியாகி, சோதிடத்தில் ஏறி, வடமொழி வழியே நம்மிடம் வந்தது. ஓரை அவர்கள் நாட்டில் முதலில் பருவம்; பிறகு பொழுதின் ஒரு பகுதி. அவர்களுடைய பழங்கதையில் ஓரைகள் பெண்களும் ஆவார்கள். வானுலகத்தின் மேகக் கதவைத் திறப்பதும் அடைப்பதும் அந்தப் பெண்களின் பணி.

"ஏலே, பஞ்சாங்கத்துல இருக்கே!" என்றார் அப்பா.

"ஜன்னலும் நம்ம செவுத்துலதான் இருக்கு அண்ணாச்சி."

"வடமொழி வழியா வந்ததுன்னு நீயே சொல்லுத. வடசொல்லுக்குத்தான் விலக்கு உண்டே."

"வந்த வழி எதுவா இருந்தா என்ன? பொறந்தது கடலுக்கு அங்கிட்டு. போன வருசம் அலமாரிக்கு நீங்க சொன்ன நியாயந்தான்."

அப்பா திரும்பி அம்பாள் படத்தைப் பார்த்தார். பிறகு, "சரி. அதுவும் தடைதான்" என்றார். என் உள்ளம் துள்ளியது. ஓரை என்னும் சொல் இல்லாமல் அப்பாவுக்கு ஒரு காலைப்பொழுது கழிந்ததை நான் கண்டதில்லை. நாளைய காபி எனக்குத்தான் என்று அம்பாளுக்கு அப்போதே நன்றி சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை விடியலிலிருந்து அப்பா நிலைகொள்ளவில்லை. நான் அவர் நிழலோடு ஒட்டிக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தபடி திரிந்தேன். ஒன்பதரை ஆயிற்று, அவர்களைக் காணோம். "நேரம் போவுதே" என்றார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து, "நல்ல நேரமெல்லாம் போவுதே" என்றார். "ஏட்டி, கடிகாரத்துல நேரம் என்னன்னு பாரு" என்று என்னையும் விரட்டினார். அவர் சொன்னவற்றில் தடைப்பட்ட சொல் எதுவும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கடிகாரம் பத்து அடித்தது. குரு ஓரை முடிந்து செவ்வாய் ஓரை பிறந்தது. அதன் பின்னரே அவர்கள் தெருவில் திரும்பினார்கள். பெரியவர், அவர் மனைவி, வேட்டியெல்லாம் கசங்கிப்போன ஓர் இளைஞர். அவர் கையில் பனையோலைக் கடகம் நிறைய எலுமிச்சம்பழம். அப்பா விறுவிறுவென்று சென்று நிலைப்படியில் குறுக்காக நின்றார்.

இளையரசனேந்தல் கதை புளியங்குடிவரை போயிருக்க வேண்டும். வந்த அம்மாள் படியில் கால் வைக்கவில்லை.

"பஸ்ஸு பிந்திட்டு அண்ணாச்சி. தபசுக் கூட்டம், வழியெல்லாம் ஆளு. உள்ள வரலாமா? இல்ல, நாங்க இப்படியே போயிரணுமா?"

அவர்கள் இன்னொரு முறை வரமாட்டார்கள் என்பது அந்தக் குரலில் இருந்தது. சித்தப்பா உத்தரத்தை எண்ணுவதுபோல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். உள்கதவின் இடுக்கில் அத்தையின் சேலைத் தலைப்புத் தெரிந்தது. அது அசையவே இல்லை. அப்பாவின் வலக்கை, நிறுத்தச் சொல்வதற்காக, இடுப்பளவு உயர்ந்திருந்தது. அவருடைய உதடு குவிந்தது.

"ஓ..." என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கதவிடுக்கைப் பார்த்தார். உயர்ந்திருந்த கை மெல்ல இறங்கி, மற்றொரு கையோடு சேர்ந்து கூப்பிக்கொண்டது.

"ஓரமாச் செருப்பப் போட்டுட்டு உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

செவ்வாய் ஓரையில், கலியாணப் பேச்சு எங்கள் நிலைப்படியைத் தாண்டிற்று. நான் அழுதுவிட்டேன். வெட்கத்தில் அழுகிறது பிள்ளை என்று நினைத்து, அந்த அம்மாள் என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். அதன் தோல் மெல்லிசாகத்தான் இருந்தது.

ஆவணியில் கலியாணம் நடந்தது. சித்தப்பா தாம் வென்ற கதையை ஒவ்வொரு பந்தியிலும் பரிமாறினார். யவனத்தை வைத்து அண்ணாச்சி வாயைக் கட்டிப்போட்டேன் என்பார். அப்பா அதைக் கேட்டும் கேளாதவர்போல் வருகிறவர்களுக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். விரதம் முடிந்திருந்ததால் ஓரை மறுபடி வீட்டுக்குள் வந்துவிட்டது. அத்தையைப் புளியங்குடிக்கு அழைத்துப் போகும் கார் வாசலில் நின்ற நாளில் அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். காலையில் இந்த ஓரை ஆகாது என்றார். மதியம் அந்த ஓரையும் ஆகாது என்றார். வெயில் சாய்ந்தது. கடைசியில் அம்மா, அவர் மடியிலிருந்த பஞ்சாங்கத்தை மூடி எடுத்துக்கொண்டு, "எந்த ஓரையிலதான் ஒங்களுக்கு மனசு வரும்?" என்று தணிந்த குரலில் கேட்டாள். கார் புறப்பட்டபோது அவர் தெருவில் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

அப்பா அன்று இருந்த வயதை நான் கடந்து வெகுகாலமாயிற்று. இப்போது என் கைப்பேசியே ஓரை சொல்கிறது. கிரேக்கப் பெண்கள் அதற்குள்ளும் குடியேறிவிட்டார்கள். ஆடியில் கொடி ஏறினால் நான் மட்டும் தனியாக அந்த நாக்கு விரதத்தைக் காக்கிறேன். காபியைக் கருஞ்சாறு என்றே சொல்லி, வேலைக்கு வரும் பெண்ணைத் திகைக்கவைக்கிறேன். இந்த ஆண்டு விடியலில் பதிகம் ஓதி முடித்து, அந்தச் சொல்லைச் சொல்லி டம்ளரை வாங்கியபோதுதான் உறைத்தது. டம்ளர் ஆறுவதற்குள் காபிக்கு ஒரு பெயர் கண்டவருக்கு, ஓரைக்கு ஒரு பெயர் காண முடியாமலா போயிருக்கும்?

அதுவும் தேட வேண்டியதில்லை. அன்று காலை முழுவதும் அது அவர் நாவிலேயே இருந்தது. "இப்ப நேரம் சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விரதம் முறிந்திராது, புளியங்குடிக்காரர்கள் திரும்பிப் போயிருப்பார்கள், அத்தை வழக்கம்போல் எங்களோடேயே இருந்திருப்பாள். நான் அவர் உதட்டிலிருந்து கண்ணெடுக்காமல் நின்றேன். அவர் சொல்லிவிடக்கூடிய சொல் ஒன்றே என்று எண்ணி, அதற்காகவே காத்திருந்தேன். சொல்லாமல் விட்ட மற்றொன்று எனக்குக் கேட்கவில்லை.