விசுக்கனியில் வைத்த கண்ணாடி

சித்திரை ஒன்றாம் தேதி விடிகாலையில் எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டே வந்து முதலில் கனி காண வேண்டும். பெரிய வெண்கல உருளியில் பச்சரிசியைப் பரத்தி, அதன்மேல் தேங்காய், மாம்பழம், பலாச்சுளை, மஞ்சள் வெள்ளரிக்காய், மடிப்புக் கலையாத கோடி முண்டு, ஒரு நகை, இத்தனைக்கும் பின்னால் ஒரு கண்ணாடி வைக்க வேண்டும். சுற்றிலும் கொன்றைப்பூ. பூவுக்குக் குறைவே கிடையாது. வாய்க்கால் கரையில் நிற்கிற மரம் பங்குனியிலேயே மஞ்சளாகிவிடும். வெள்ளரிக்காய்தான் பாடு. அஞ்சுகிராமம் சந்தையில் நல்லதாய்க் கிடைக்கும், ஆனால் அங்கே விற்கிறவளிடம் வாய்கொடுத்து ஜெயிக்க முடியாது. அது கிடக்கட்டும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுவாளாம். நேராக்கிக்கொள், கோபம் வருகிற இடத்தை மட்டும் நேராக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இருப்பது மகன் வீட்டில். அங்கே கனி வைப்பது நான்தான். மருமகளுக்கு அந்தப் பக்குவம் வராது. அவள் வைத்தால் காய்கறிக்கடை மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் போன பிறகும் கனி வைப்பது என் வேலைதான். வைத்து, விடியும் முன்னே விளக்கைக் கொளுத்தி, மகன் அறைக் கதவைத் தட்டிவிட்டு, அவர்கள் வெளியே வருவதற்குள் நான் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். தாலி இல்லாதவள் முகம் அன்றைக்கு யார் கண்ணிலும் முதலில் படக்கூடாது. வீட்டுக்கு என் கை வேண்டும், முகம் வேண்டாம்.

ஆனால் ஒன்றை யாரும் யோசித்ததில்லை. விளக்கைக் கொளுத்துகிறவள் அந்தக் கண்ணாடிக்கு எதிரில்தானே நிற்கிறாள்? வருஷா வருஷம் அதில் முதலில் விழுந்தது என் முகந்தான். அதை நினைத்துப் பின்கட்டில் தனியாக உட்கார்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிசகு நடந்தது. மகன் துபாய்க்குக் கிளம்புகிற மாதம். அவன் முகத்தில் அந்த வெளிச்சம் படுவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அடுக்களை வாசலில் இருட்டில்தான் நின்றேன். நான் கண்ணாடிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்த வெள்ளரிக்காய் உருண்டுவிட்டது. கண்ணாடி சரிந்து, விளக்கு வெளிச்சத்தோடு அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டது. மகன் கண்ணைத் திறந்தான். கனியில் அவன் கண்டது தன் முகத்தை அல்ல, என் முகத்தை.

நாலே மாதத்தில் அவன் போன கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். பெட்டியோடு திரும்பி வந்தான்.

"அண்ணைக்குக் கண்ணாடியில என்னத்தக் கண்டான்னு எனக்குத் தெரியாதா?" என்று மருமகள் கிணற்றங்கரையில் நின்று ஊருக்கே சொன்னாள்.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்றும் ஆறவில்லை. 'அம்மா முகந்தானே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து நான் பின்கட்டுக்குப் போனதும் மருமகள் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டி போடுவாள்.

போன பங்குனியில் கோயிலில் யாரோ ஒருவர் வந்து மூன்று நாள் பண்டிகைகளின் உட்பொருளைப் பற்றிப் பேசினார். மருமகள் மூன்று நாளும் போனாள். வந்து தேங்காய் திருவிக்கொண்டே எனக்குப் படித்துக் கொடுத்தாள்.

"கண்ணெ மூடிட்டு வருகோம் பாத்தியளா அத்தே, அது அறியாமையாக்கும். வெளக்கு ஞானம். அரிசியும் காயும் இந்த ஒலகம்."

"பின்னே கண்ணாடி?"

"அதுதான் பெரிய விசயம். பழத்தையும் பொன்னையும் எல்லாம் பாத்துட்டு, கடைசீல நம்ம முகத்தப் பாக்கோம் இல்லியா? சாமி வெளிய இல்ல, உனக்குள்ள இருக்குன்னு காட்டத்தான் கண்ணாடி. அதுல தெரியித முகம் எல்லாம் சாமி முகமாக்கும்."

கேட்க எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. எத்தனை வருஷம் அர்த்தம் தெரியாமல் அடுக்கியிருக்கிறேன்! ஆனால் நாக்கு சும்மா இருக்குமா?

"அப்போ ஏழு வருசத்துக்கு மின்ன எனக்க மோன் அதுல கண்டது ஆரு முகம் மக்கா?"

திருவுகிற கை நின்றது.

"அது வேற, இது வேற அத்தே. தத்துவம் கேக்கதுக்கு. வழக்கத்த விட முடியுமா?"

பிறகு தேங்காயைத் திருவத் தொடங்கினாள்.

இந்தச் சித்திரைக்கு நான் மனசில் ஒன்று முடிவு செய்தேன். கனி வைத்தேன், விளக்கைக் கொளுத்தினேன், கதவைத் தட்டினேன். ஆனால் போகவில்லை. உருளிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் ஒருதடவை என்னைக் கனியோடு காண வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இருவரும் கண்ணை மூடிச் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார்கள். முதலில் கண்ணைத் திறந்தது மருமகள். உடனே தன் கையால் அவன் கண்ணைப் பொத்தினாள்.

"அத்தே! இதென்ன இருப்பு? எழும்புங்கோ!"

"சாமிதானே இருக்கு மக்கா. இருக்கட்டும்."

"கிண்டலாக்கும்? நல்ல நாளும் அதுவுமா?"

நான் அவளைப் பார்க்கவில்லை. "அவ கைய எடுத்துட்டுக் கண்ணெத் தொற மக்கா," என்று மகனிடம் சொன்னேன்.

அவள் கையை எடுத்துவிட்டாள், பாவம், அவளுக்கே பொறுக்கவில்லையோ என்னவோ. அவன்தான் திறக்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள், சின்னப் பிள்ளை மருந்துக்கு வாயை மூடுகிற மாதிரி இமையை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

"ஒரு நிமிசம் அங்கோட்டுப் போங்கம்மா," என்றான். "பாத்துட்டு வந்து கும்பிடுகேன்."

எழுந்தேன். முழங்கால் சொன்னபடி கேட்காது, தரையில் கை ஊன்றித்தான் எழ முடிந்தது. எழும்போது கண்ணாடியையும் எடுத்துக்கொண்டேன்.

பின்கட்டில் துவைக்கிற கல்லின்மேல் அதைச் சாய்த்து வைத்தேன். முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு கொன்றைப்பூவை அதன் ஓரத்தில் சொருகினேன். விடிந்துகொண்டிருந்தது. எதிரில் பல் போன வாயோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் சிரிப்பும் இருந்தது. அவளைக் கும்பிட்டேன்.

உள்ளே அவர்கள் அரிசியையும் வெள்ளரிக்காயையும் கண்டுகொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் கழித்து மருமகள் கையில் போனோடு வந்தாள்.

"அத்தே, அந்தக் கண்ணாடியத் தாருங்கோ. கனிய போட்டோ எடுத்து குரூப்புல போடணும். கண்ணாடி இல்லாம மொட்டையா இருக்கு."

"பொறு மக்கா," என்றேன். "நான் இன்னும் கண்டு முடியல்ல."